ஸ்டார்ட்டர் பெட்டியில் பொறி பறக்கிறதா? பம்ப்செட் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கிணற்று மோட்டார் காயில் எரிந்தால் கட்டிக்கொள்ளலாம். செலவோடு போய்விடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பிளாஷ் அடித்தால் அப்படியல்ல. அந்த நேரத்தில் பெட்டிக்கு நேர் எதிரே, பட்டனில் கைவைத்தபடி நிற்பது நீங்கள்தான்.

வெல்டிங் பட்டறையில் கம்பியை இரும்பில் தொட்டு எடுத்தவுடன் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வருகிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது. மின்சாரம் ஓடும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விழுந்தால், அது காற்றின் வழியாகத் தாவுகிறது. அந்த இடத்தில் சூடு பல ஆயிரம் டிகிரி. செம்பு உருக 1,085 டிகிரி போதும். அதனால் முனைகள் உருகித் தெறிக்கின்றன, பிளாஸ்டிக் கருகுகிறது, கருகிய தடமே அடுத்த முறை மின்சாரம் தாவ வழியாகிறது.

பியூஸ் இருக்கிறதே, போகாதா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒரு முனையில் திருகு தளர்ந்து பொறி வந்தால் பியூஸ் போகாது. 5 எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பு வழியாக ஓடுவதும் அதே 7 ஆம்பியர்தான், கூடுதலாக எதுவும் இல்லை. எனவே பியூசுக்கும் எம்.சி.பி.க்கும் தவறு நடப்பதே தெரியாது. முனை சூடாகிக்கொண்டே இருக்கும்.

இரண்டு பேஸ்கள் ஒன்றோடொன்று தொட்டால்தான் பியூசுக்கு வேலை. அங்கே பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தால், அது உருகுவதற்குள் பெட்டியே உருகிவிடும். வசதி இருந்தால் எச்.ஆர்.சி. பியூசுக்கு மாறுங்கள். அதன் பீங்கான் உடலுக்குள் மணல் நிரப்பியிருக்கும். உருகும்போது எழும் பொறியை அந்த மணலே உள்ளுக்குள் அணைத்துவிடும்.

தளர்ந்த முனைதான் முதல் எதிரி

மோட்டார் ஓடும்போது ஏற்படும் அதிர்வு, சூடாகி ஆறும்போது ஏற்படும் விரிவு, சுருக்கம் எல்லாம் சேர்ந்து திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகின்றன. அலுமினிய ஒயர் என்றால் இன்னும் வேகம். அலுமினியம் மெதுவான உலோகம், திருகின் அழுத்தத்தில் நசுங்கி இடம் கொடுத்துவிடும். அதன் மேல் படியும் வெள்ளைப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினிய ஒயரைச் செம்பு முனையிலோ பித்தளை முனையிலோ நேராகச் சொருகாமல், இரண்டுக்கும் ஏற்ற பைமெட்டல் லக் போட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்குவது பொருத்துவது ஆகாது.

ஒயரின் மேலுறை முனைக்கு அருகே மட்டும் பழுப்பேறியிருப்பது, பெட்டியிலிருந்து கருகல் வாடை, ஸ்டார்ட்டரில் 'கரகர' சத்தம் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் மோட்டாரை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன்பும் கோடையிலும் ஒருமுறை எல்லா முனைகளையும் இறுக்கச் சொல்லுங்கள்.

அந்த 'கரகர' சத்தத்துக்கு இன்னொரு காரணம் குறைந்த வோல்டேஜ். 415 வோல்ட் காயில் ஏறக்குறைய 350 வோல்ட்டுக்குக் கீழே போனால் கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கத் திணறும். பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் பொறிதான். கரண்ட் வந்தவுடன் ஊரிலுள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்பும்போது இதுதான் நடக்கிறது. சில நிமிடம் தாமதித்து ஓடும்படி டைமர் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கான்டாக்ட் கறுத்துவிட்டது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்காதீர்கள். மேலே இருப்பது வெள்ளி கலந்த பூச்சு, லேசாகக் கறுப்பது இயல்பு. தேய்த்தால் போவது வெள்ளிதான். குழி விழுந்திருந்தால் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது.

பல்லி, எறும்பு, உர மூட்டை

ஸ்டார்ட்டர் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும், பல்லிக்கு அதுதான் சொர்க்கம். இரண்டு பேஸ் முனைகளை ஒரே நேரத்தில் அது தொட்டால் போதும். எறும்பு கான்டாக்ட் நடுவே நசுங்கி ஒரு பேஸைத் தடுத்துவிடும். ஒயர் நுழையும் ஓட்டைகளில் கேபிள் கிளாண்டு போடுங்கள், வேண்டாத ஓட்டைகளை அடையுங்கள். எறும்புக்காக மண்ணெண்ணெயோ பூச்சிமருந்து ஸ்பிரேயோ அடிப்பது தீயை அழைத்து வருவதற்குச் சமம்.

மோட்டார் கொட்டகையை உரக் குடோனாக்குவதும் வேண்டாம். யூரியாவும் மற்ற உரங்களும் காற்றின் ஈரத்தை இழுக்கும். உரத்தூசி படிந்த செம்பு பச்சை பூக்கும். சாக்கும் டீசல் கேனும் பெட்டிக்குக் கீழே இருந்தால், தெறிக்கும் ஒரு பொறி கொட்டகையையே எடுத்துக்கொள்ளும்.

போடும் வரிசை, நிறுத்தும் வரிசை

ஓட்டும்போது பெட்டிக் கதவை மூடி, முதலில் மெயின் சுவிட்ச், பிறகு ஸ்டார்ட்டர் பட்டன். நிறுத்தும்போது முதலில் சிவப்புப் பட்டன், மோட்டார் நின்ற பிறகே மெயின். ஓடும் மோட்டாரை மெயின் கைப்பிடியை இழுத்து நிறுத்தினால் பொறி முழுவதும் அந்தச் சுவிட்சுக்குள் பாயும். பியூஸ் கட்டையையும் அப்படிப் பிடுங்கக் கூடாது. உலர்ந்த பலகை அல்லது ரப்பர் பாய் மேல், பெட்டிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுங்கள். பெட்டி இரும்பு என்றால் பெட்டிக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு இருக்க வேண்டும்.

'கரண்ட் இல்லை' என்று நம்பித் திறக்காதீர்கள். மூன்று பேஸ் இல்லாத நேரத்திலும் ஓரிரு பேஸ் உயிரோடு இருக்கலாம். மெயினை அணைத்தாலும் அதற்கு மேலே வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும், அதை நிறுத்த மின்வாரிய ஊழியரால்தான் முடியும். கெப்பாசிட்டர் இருந்தால், அணைத்த பிறகும் அது சற்று நேரம் அடிக்கும்.

பெட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர் மணல் அல்லது உலர் தூள் தீயணைப்பான் பயன்படும். கிட்டே போக முடியவில்லை என்றால் விலகி நின்று தமிழ்நாட்டில் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். தீக்காயம் பட்டவரை மின்சாரத்திலிருந்து விலகியது உறுதியான பிறகே தொட்டு, காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓடவிட்டு, 108-ஐ அழையுங்கள். மை, பற்பசை எதுவும் பூச வேண்டாம்.