வாடைக் காற்றும் தறிக்குழியும்



நம் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே தனி குஷிதான். வானம் கறுத்து வேப்பமரம் தலைவிரித்து ஆட ஆரம்பித்தால் போதும், வார்டன் கண்ணில் படாமல் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவோம். அந்தக் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றை அழைத்தவர்கள் நம் முன்னோர். வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே இருந்து தென்றல், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை. 'சைக்ளோன்' என்ற சொல்லும் நம் வங்கக் கடலோரத்தில் பிறந்ததுதான். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848-ல் எழுதிய நூலில் அதை வழங்கினார். 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. நம் பக்கத்துப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004-ல்தான் வந்தது.

அப்படிப் பெயர் பெற்ற 'நீலம்' 2012 அக்டோபர் 31 அன்று மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. நம் ஊரிலிருந்து சாலை வழி சுமார் 65 கிலோமீட்டர்தான்! நான் அப்போது சிவில் இறுதியாண்டு. கிளாஸ் இல்லை, கரண்டும் இல்லை. மாடியில் நின்று ஒரு சோதனை செய்தோம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், நம் பக்கத்துப் புயலின் மையம் இடது கைப் பக்கம் இருக்கும். டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-ல் சொன்ன விதி இது. முதலில் வாடை வீசியது, இடது கை கடலைக் காட்டியது. புயல் உள்ளே நகர நகரக் காற்றும் திசை மாறியது. புத்தகத்தில் படித்தது முதுகில் வந்து மோதினால் சந்தோஷம் வராமல் இருக்குமா?

அதே புயலில் சென்னை பெசன்ட் நகர் கரையில் 'பிரதிபா காவேரி' என்ற கப்பல் தரைதட்டி, மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள்.

மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அவன் அப்பா வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். "குழி காய்ஞ்சாதான் தம்பி உட்கார முடியும். பாவுக்குக் கஞ்சி போட்டாலும் காயவைக்க வெயில் வேணுமே" என்றார். நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கு. தறி நின்றால் வருமானமும் நின்றுவிடும். தெருவில் நீட்டி வெயிலில் காயவைக்கும் பாவு, மண்ணில் தோண்டிய குழி, இரண்டையுமே மழைக்காலம் முடக்கிவிடுகிறது.

2016 டிசம்பர் 12-ல் 'வர்தா' சென்னை அருகே கரை கடந்தது. 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' மறுபடியும் மாமல்லபுரம் பக்கமே வந்தது. இனியும் வரும். ஆகவே ஒரு யோசனை. குழியின் சுவருக்கும் தரைக்கும் செங்கல் வைத்து, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசி, வாசல் மட்டத்தை ஒரு சாண் உயர்த்தினால் பாதித் தொல்லை தீரும். சிவில் மாணவர்களுக்கு இது நல்ல புராஜெக்ட். முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். செலவில் ஒரு பங்கை நம் சங்கம் ஏற்கலாம், என் பங்கைத் தர நான் தயார்.

மொட்டை மாடிக் காற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பிகளே! இடி மின்னல் வந்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.