பிரக்ஞானந்தா – கார்ல்சன் டிரா ஆட்டங்கள் (உலகக்கோப்பை, 2023)

அசர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த உலகக்கோப்பைச் சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில், சென்னையின் ர. பிரக்ஞானந்தாவும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் 2023 ஆகஸ்ட் 22, 23 தேதிகளில் டிரா செய்த இரண்டு கிளாசிக்கல் ஆட்டங்கள். அவ்வாண்டு ஜூலைப் பட்டியலில் கார்ல்சனின் ரேட்டிங் 2835, உலகிலேயே முதலிடம். 18 வயதான பிரக்ஞானந்தாவின் ரேட்டிங் 2690. போட்டித் தரவரிசையில் 31ஆம் இடத்தில் இருந்த அவர், 2ஆம் இடத்து நகமுராவையும் 3ஆம் இடத்து கருவானாவையும் வெளியேற்றிவிட்டு இறுதிக்கு வந்திருந்தார்.

முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய் பிரக்ஞானந்தாவுக்கு. 35 நகர்த்தல்களில் டிரா. மறுநாள் வெள்ளைக் காய் கார்ல்சனுக்கு வந்தது. உணவு நஞ்சானதால் உடல் தளர்ந்திருந்த அவர் நான்கு குதிரைத் திறப்பைத் தேர்ந்து, காய்களை வேகமாக வெட்டிக் குறைத்தார். 30 நகர்த்தல்களில் கைகுலுக்கினர். சப்பென்று முடிந்தது எனப் பலர் சொன்னாலும், அந்த ஆட்டத்தைக் கார்ல்சனின் உடல்நிலையை மட்டும் வைத்து எடைபோடுவது சரியல்ல. கருப்புக் காயோடு உலகின் முதல்நிலை வீரருக்கு ஒரு பிடியும் கொடுக்காமல் ஆடுவது சாதாரண வேலையல்ல.

ரேட்டிங் வேறுபட்ட இருவர் டிரா செய்தால் ரேட்டிங் புள்ளி மேலிருப்பவரிடமிருந்து கீழிருப்பவருக்குப் போகும். அர்பாத் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற கணக்கு இது. இவ்விருவருக்கும் இருந்த 145 புள்ளி இடைவெளியில் வலுவானவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.69, மற்றவரிடம் 0.31. டிரா இருவருக்கும் 0.5 தருகிறது. மிஞ்சும் 0.19ஐ, இந்நிலை வீரர்களுக்குரிய கெழுவான 10ஆல் பெருக்கினால் 1.9 புள்ளி. வேலூர், ஆம்பூர் பக்கம் ரேட்டிங் போட்டி ஆடுபவர்களுக்கும் விதி ஒன்றுதான். கெழு மட்டும் பெரியது. கெழு 20 உள்ள இருவரில் 1600காரர் 1800காரரோடு டிரா செய்தால் அவருக்கு 5.2 புள்ளி ஏறும், எதிராளிக்கு அதே 5.2 இறங்கும். பெரிய ரேட்டிங்கைப் பார்த்துப் பதறி, சமநிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கைவிடும் இளம் வீரர்கள் இந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

இரண்டு ஆட்டங்களும் டிரா ஆனதால் ஆகஸ்ட் 24 அன்று நடந்த துரித ஆட்டங்களில் கார்ல்சன் 1.5–0.5 என வென்று தம் முதல் உலகக்கோப்பையைப் பெற்றார். இறுதிக்கு வந்ததன் பயனாக பிரக்ஞானந்தா 2024இல் டொராண்டோவில் நடந்த, உலகச் சாம்பியனுக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடினார்.