காபி கிளப்பும் ஒரு பைசாத் தமிழனும்

ஊடகம் சமூகத்தை எப்படி உருவாக்குகிறது என்று படிக்க வரும் மாணவர் கையில் முதலில் தரப்படும் நூல்களில் ஒன்று, யுர்கன் ஹேபர்மாஸ் 1962இல் எழுதியது. லண்டன் காபிக் கடைகளில் பத்திரிகை வாசித்து, அரசைப் பற்றி விவாதித்த மனிதர்களிடையே 'பொதுவெளி' உருவானது என்கிறார் அவர். நாமும் அந்த நூலை மதிப்போடுதான் வாசித்தோம். ஆனால் சென்னை மாகாணத்தின் காபி கிளப்புகளுக்குள் நம் பாட்டன்மார் நுழைய முடியவில்லை. பஞ்சமருக்கு இடமில்லை என்று வாசலிலேயே பலகை தொங்கியது. அப்படியானால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கே கூடிப் பேசினார்கள்? விலக்கப்பட்டோர் தமக்கென மாற்றுப் பொதுவெளிகளை அமைத்துக்கொள்கிறார்கள் என்று நான்சி ஃபிரேசர் 1990இல் எழுதினார். அதற்கு நூறாண்டுக்கு முன்பே நம்மவர்கள் அச்சுக்கூடத்தில் அதைச் செய்துவிட்டார்கள்.

தலித் இதழ்களை ஆராய்ந்த ஜெ. பாலசுப்பிரமணியம் தம் கணக்கை 1869இல் வெளிவந்த 'சூரியோதயம்' இதழிலிருந்து தொடங்குகிறார். அக்டோபர் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், இரண்டணா விலை. முதல் இதழ் சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதி விற்றதாக அவரே தம் சரித்திரத்தில் சொல்கிறார். அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. தேசத்தின் கோரிக்கையாகவே அது அச்சேறியது. தேர்வு இங்கே வந்தால் மேல்சாதியார் மட்டுமே அதிகாரிகளாவார்கள் என்று சீனிவாசன் 3,412 கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினார். ஒரு மாதப் பத்திரிகை இல்லாமல் அந்தக் கையெழுத்துகள் திரண்டிருக்குமா? சந்தேகம்தான்.

19 ஜூன் 1907, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையே பெயரில் இருந்தது. மறு ஆண்டில் 'தமிழன்' என்று மட்டும் ஆனது. சீனிவாசனும் பண்டிதரும் நெருங்கிய உறவினர்கள். ஆனால் இதழின் பெயரில் நேரெதிர். இழிவென்று சுமத்திய பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு நிற்பது ஒருவர் வழி. அந்தப் பெயரே பிறர் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர் என்று மறுப்பது மற்றவர் வழி. இதில் யார் சரி என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. இரண்டும் அச்சில் வந்ததால்தான் இன்றுவரை வாதிட முடிகிறது.

'தமிழன்' கோலார் தங்கவயலுக்குப் போனது, ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே சமூகமென்று உணர்ந்தார்கள். பெனடிக்ட் ஆண்டர்சன் தேசத்தைப் பற்றிச் சொன்னது இதைத்தான். என்ன, இங்கே அச்சு உருவாக்கியது தேசத்துக்குள் அடங்க மறுத்த ஒரு சமூகத்தை. குடிமதிப்பில் உங்களை என்னவென்று எழுதச் சொல்வது என்பதுகூட அந்தப் பக்கங்களில் பெரிய விவாதம். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார்.

பம்பாயிலும் இதே கதைதான். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, பணம் தருகிறோம் என்ற பின்னும் 'கேசரி' அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. 2006இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை, பழங்குடியும் இல்லை.

ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. விடுதலைப் போராட்டத்தில் தமிழ் இதழ்கள் என்று எழுதப்பட்ட வரலாறுகளில் இந்த இதழ்கள் வெகுகாலம் இடம்பெறவே இல்லை. காரணம் வெறுப்பு மட்டுமல்ல. நூலகங்கள் இவற்றைச் சேர்க்கவில்லை, ஆகவே ஆய்வாளர் பார்க்கவில்லை, ஆகவே அவை இல்லை என்றாயிற்று. 'பறையன்' எழுதிய பலவற்றை, ஆட்சிக்கு எதிராக யார் என்ன எழுதுகிறார்கள் என்று வெள்ளை அரசு தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில்தான் இன்று தேட வேண்டியிருக்கிறது. நம் குரல் வேவுக் குறிப்பாக மிஞ்சியிருக்கிறது.

'தமிழன்' தப்பித்தது வேறு வழியில். அன்பு பொன்னோவியம் அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பல ஆண்டுகள் பாதுகாத்தார். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளை நூலாக்கியது. பண்டிதர் மறைந்து அப்போது 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.