கொல்லன் உலையும் விசைச் சம்மட்டியும்

ஓர் ஊரில் முன்னாளில் நடந்த தொழில்களை அறிய வேண்டுமாயின், அவ்வூர் மக்கள் தெருக்களுக்கு இட்டு வழங்கிய பெயர்களைக் கேட்டறிதல் நல்ல வழியாகும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் மக்கள் நாவில் வேறொரு பெயருமாக விளங்கும் தெருக்கள் பல. ஆர்மேனியன் தெருவை ஹொக்கியன் சீனர் 'செம்பு அடிப்போர் தெரு' என்றனர். பீச் ஸ்திரீட்டின் ஒரு பகுதி அவர்கள் வழக்கில் 'இரும்பு அடிப்போர் தெரு' ஆயிற்று. 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய இத்துறைமுகத்தில் கப்பலுக்கும் மாட்டு வண்டிக்கும் மலைத் தோட்டத்துக்கும் இரும்புப் பொருள் வேண்டியிருந்தது. அதனால் கொல்லர் உலைக்கு இங்கே மதிப்பு மிகுந்திருந்தது.

இரும்பை அடித்து உருவாக்கும் தொழில் தமிழருக்குப் புதியதன்று. கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டி, புறநானூற்றின் 170ஆம் பாட்டில் 'கூடம்' என்னும் பெயரால் வருகிறது. அதனைத் தாங்கும் உலைக்கல்லும் உடன் வருகிறது. அக்காலந்தொட்டு மிக நெடுங்காலம் இத்தொழிலின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை.

உலையருகே மூவர்

பட்டறையில் பெரிய வேலை நடக்கும்போது மூவர் வேண்டும். ஒருவர் துருத்தி ஊதுவார். கொல்லர் இடக்கையில் குறடும் வலக்கையில் சிறு சுத்தியலும் கொண்டு பட்டடையின்முன் நிற்பார். எதிரே சம்மட்டிக்காரர் நிற்பார். கொல்லர் தம் சுத்தியலால் எவ்விடத்தைத் தட்டிக் காட்டுகிறாரோ, அவ்விடத்தில் சம்மட்டி வந்து விழ வேண்டும். சிறு சுத்தியல் இடுவது கட்டளை; சம்மட்டி தருவது ஆற்றல்.

இம்மூவர் அமைப்பே ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. சிறுவன் முதலில் துருத்தி ஊதி, நெருப்பின் நிறத்தையும் இரும்பின் பதத்தையும் அறிவான். தோள் உரம் பெற்றபின் சம்மட்டி எடுப்பான். கொல்லரின் குறிப்பை ஆயிரமாயிரம் முறை பின்பற்றிய பிறகே குறடு அவன் கைக்கு வரும். ஏடும் எழுத்துமின்றிக் கைவழியே கல்வி இறங்கியது.

ஆயினும் இவ்வமைப்புக்கு ஓர் எல்லை உண்டு. சம்மட்டியின் எடை எட்டு முதல் பதினான்கு இராத்தல் வரை இருக்கும். அதனைச் சுழற்றும் தோள் சோர்ந்துவிடும். இரும்போ சூடு ஆறுவதற்குள் அடிபட வேண்டும். கனத்த இரும்புத் தண்டை எத்தனை பேர் சுற்றி நின்று அடித்தாலும், அடி மேற்பரப்பை நசுக்குமேயன்றி உள்ளே சென்று சேராது.

நீராவி தந்த தோள்

இவ்வெல்லையைக் கடக்க வழி கண்டவர் ஜேம்ஸ் நாஸ்மித். 'கிரேட் பிரிட்டன்' என்னும் கப்பலின் துடுப்புச் சக்கரங்களுக்கு மிகப் பெரிய அச்சுத்தண்டு ஒன்று தேவைப்பட்டது. அதனை அடித்துத் தரக்கூடிய பட்டறை கிடைக்கவில்லை. 1839 நவம்பரில் நாஸ்மித் நீராவிச் சம்மட்டியின் படத்தைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். கனத்த இரும்புக் கட்டியொன்றை நீராவி மேலே தூக்கும். விட்டவுடன் அது பட்டடைமேல் விழும். ஆனால் அக்கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தை விடுத்துத் திருகுச் சக்கரம் பூட்டுவதென முடிவாயிற்று. படம் ஏட்டிலேயே தங்கியது. பிரெஞ்சு நாட்டின் லெ கிரூசோ நகரில் ஷ்னைடர் ஆலையார் அத்தகைய சம்மட்டியை முதலில் கட்டி முடித்தனர். 1842இல் அங்கே சென்று அதனைக் கண்ட நாஸ்மித், நாடு திரும்பியதும் அவ்வாண்டே காப்புரிமை பெற்றார்.

அச்சம்மட்டியின் சிறப்பு வலிமை மட்டுமன்று. மதுக்கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை, கிண்ணம் உடையாமல் விரிசலிடச் செய்து காட்டுவார்களாம். அத்தனை அடக்கமும் அதற்கு இருந்தது. 1877இல் அதே லெ கிரூசோவில் 100 டன் சம்மட்டியொன்று எழுந்தது.

உடைமை யாருடையது?

பழைய கொல்லர் தம் குறட்டையும் சுத்தியலையும் தாமே செய்துகொள்ள வல்லவர். கருவி அவர் உடைமை. கூலியும் அவர் பேசுவதே. நீராவிச் சம்மட்டியோ கொதிகலன் கேட்டது. விழும் கட்டியைப்போல் பத்து மடங்குக்கும் மேலான எடையுள்ள பட்டடையும், அதனடியில் ஆழ்ந்த தனி அடித்தளமும் கேட்டது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளோ ஒரு சுவரை இரு வீட்டார் பகிர்ந்து வாழ்பவை. அத்தகைய இடத்துக்கு அது உரியதன்று. ஆகவே பெருஞ்சம்மட்டி கப்பல் தளங்களையும் இரயில்வேப் பட்டறைகளையும் சேர்ந்தது. கொல்லர் தம் உலையை விட்டுப் பிறருடைய சம்மட்டியின் அருகே சம்பளக்காரராக நின்றார்.

பினாங்குத் தமிழருக்கு நன்கு பழக்கமான நாகப்பட்டினத்தில் இம்மாற்றத்தின் கசப்பைக் காணலாம். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் பல்லாண்டு அத்துறையைத் தொட்டே பினாங்குக்கு ஆள் ஏற்றி வந்தது. தென்னிந்திய இரயில்வேயின் பட்டறையும் அவ்வூரில் இருந்தது. கம்பெனியார் பட்டறை வேலைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில், புதிய எந்திரங்களோடு ஒருங்கு சேர்க்க முற்பட்டனர். ஆட்குறைப்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்த கைகளுக்குத் தொழில் தேர்வு வைக்கவும் முனைந்தனர். 1928 சூலையில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்து சில நாட்களில் அடக்கப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். பின்னர் அது குறைக்கப்பட்டது. எந்திரத்தின்மேல் தொழிலாளருக்குப் பகை இல்லை. எந்திரம் மிச்சப்படுத்தும் உழைப்பின் பயன் யாருக்கு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

மீண்டும் சிறு பட்டறைக்கு

காலம் மற்றொரு வழியையும் திறந்தது. மின்சாரம் பரவியபின், கொதிகலன் வேண்டாத காற்றுச் சம்மட்டி தோன்றியது. ஓர் உருளை காற்றை அழுத்தும். மற்றோர் உருளையில் அக்காற்று சம்மட்டியை ஏற்றி இறக்கும். காலால் மிதித்தால் அடி விழும். மிதியின் அளவே அடியின் அளவு. ஐம்பது கிலோ எடையுள்ள சம்மட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 அடி கொடுக்கும். அடித்தளமிட இடமும் அதிர்வைப் பொறுக்கும் சூழலும் வாய்த்தால், தனிக்கொல்லரும் இதனை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இழந்த உடைமை ஓரளவு திரும்பியது.

பள்ளிக்கூடம் மட்டும் திரும்பவில்லை. துருத்தியின் இடத்தில் மின்விசிறியும் சம்மட்டிக்காரரின் இடத்தில் எந்திரமும் வந்தன. கொல்லர் ஒருவரே எஞ்சினார். எந்திரம் எடுத்துக்கொண்டது தோளின் வேலையை. இரும்பின் நிறம் பார்த்து அடியை நிறுத்தும் கண் இன்றும் மனிதனுடையதே. அக்கண்ணைப் பயிற்றிய கீழ்ப்படிகள் இரண்டும் இன்று இல்லை.

2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகராயிற்று. கட்டடங்களைக் காக்கச் சட்டம் உண்டு. தெருப் பெயரில் மட்டும் வாழும் தொழிலைக் காக்க, சட்டத்தோடு மாணாக்கனும் வேண்டும். அவனைத் துருத்தியருகே நிறுத்திய பழைய ஏற்பாட்டுக்கு ஈடாக ஒன்றைக் காண்பது கல்வியாளர் கடமையாகும்.