கொல்கத்தா யூதர்களின் குடும்பக் கூடல்கள்

கொல்கத்தாவில் வாழ்ந்து, பின்னர் பல நாடுகளுக்குப் பிரிந்து சென்ற பாக்தாதி யூதக் குடும்பத்தார் நீத்தார் நினைவுக்கும் பண்டிகைக்கும் ஒன்றுகூடும் வழக்கம் இங்கு விவரிக்கப்படுகிறது. ஈராக், சிரியா முதலிய பகுதிகளிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்களுக்குப் பொதுப்பெயராக அமைந்தது ‘பாக்தாதி’. 1940களில் ஏறத்தாழ 4,000 முதல் 5,000 பேர் வரை இருந்த இச்சமூகத்தில் இன்று நகரில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள்.

வரலாறு

சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த ஷாலோம் கோஹன் 1792இல் சூரத்துக்கும் 1798இல் கல்கத்தாவுக்கும் வந்தார். இங்கு நிலையாகக் குடியேறிய முதல் யூதர் இவரே. பட்டு, அவுரி, அபின், நவரத்தினம் ஆகியவற்றின் வணிகம் சமூகத்தை வளர்த்தது. எஸ்ரா குடும்பம் நிலத்திலும் கட்டடங்களிலும் பெரும் செல்வம் சேர்த்தது. எஸ்ரா தெரு இன்றும் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்குகிறது.

பொல்லாக் தெருவில் பெத் எல் தொழுகைக் கூடம் 1856இல் எழுந்தது. டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக அவர் மகன் இலியாஸ் கட்டிய மகேன் டேவிட் தொழுகைக் கூடம் 1884இல் நிறைவுற்றது. செங்கல் சுவரும் மணிக்கூண்டும் கொண்ட இதை, பெயர் தெரியாதவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். தந்தைக்கு மகன் எழுப்பிய இந்த நினைவுச் சின்னத்தில் சமூகத்தாரின் திருமணங்களும் பண்டிகைகளும் நடந்தன.

நீத்தார் நினைவு

நீத்தாரின் நினைவு நாள் எபிரேய மாதக் கணக்கில் வருவது. நம் ஊர்த் திதியைப் போலவே ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். அன்று ஓதப்படும் ‘கதீஷ்’ பிரார்த்தனை அரமேய மொழியிலானது. இறந்தவரைப் பற்றியோ இறப்பைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை; பெரும்பாலும் இறைவனின் புகழே. ஆனால் அதைத் தனியாக ஓத முடியாது. ‘மின்யான்’ எனப்படும் பத்துப் பேர் குழு கூடியாக வேண்டும். மரபுவழியில் அந்தப் பத்துப் பேரும் வயது வந்த ஆண்களாக இருக்க வேண்டும். தந்தைக்குப் பிரார்த்தனை சொல்லக்கூட உற்றாரும் ஊராரும் தேவை என்பதே இவ்விதியின் விளைவு.

சமூகத்தின் இடுகாடு நர்கெல்டாங்காவில் உள்ளது. இதற்கான நிலத்தை ஒரு வங்காள நண்பர் கோஹனுக்கு விலையின்றித் தர முன்வந்ததாகவும், இலவசமாகப் பெற மனமில்லாத கோஹன் விரலிலிருந்த தங்க மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்ததாகவும் சமூகத்தில் வழங்கும் கதை கூறுகிறது. கல்லறைக்கு வருவோர் பூ வைப்பதில்லை. சிறு கல் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துச் செல்வதே யூத வழக்கம்.

கொண்டாட்டம்

துக்கப் பிரார்த்தனையில் புகழ்ச்சி இருப்பதுபோல், திருமணத்தில் ஒரு துக்கக் குறியும் உண்டு. எருசலேம் ஆலயம் அழிந்ததை மறவாதிருக்க மணமகன் கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பார். திருமணத்துக்கு முன் மணப்பெண்ணுக்கு மருதாணி இடும் இரவு, பெண்கள் கூடிப் பாடும் இரவாகும்.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள் விருந்தில் ‘ஆலு மகல்லா’ தவறாது. முழு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைவேக்காடாக எடுத்து, எண்ணெயில் மூழ்கவிட்டு மெல்லிய தீயில் நெடுநேரம் வைப்பார்கள். மேலே பொன்னிற ஓடு இறுகும், உள்ளே மாவாய் இருக்கும். முள்கரண்டியால் அழுத்தினால் தட்டைவிட்டுத் துள்ளும். பாதி அரபுப் பெயர் கொண்ட இப்பண்டத்தை இல்லங்களில் சமைத்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் சமையல்காரர்கள். இறைச்சியோடு பாலைச் சேர்க்கலாகாது என்ற யூத உணவு விதியால் குழம்பில் தேங்காய்ப் பால் இடம்பிடித்தது.

பிரிவு

இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து வந்த யூத அகதிகளால் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. 1946இல் நகரில் மூண்ட மதக் கலவரம், நாட்டுப் பிரிவினை, விடுதலைக்குப் பின் வணிகம் குறித்து எழுந்த அச்சம், 1948இல் இஸ்ரேல் உருவானது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இளையோர் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா எனச் சென்றனர். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று கண்டங்களில் வளர்ந்தனர். ஊரில் தங்கியவர்களுக்கு மின்யான் கூட்டுவதே அரிதாயிற்று.

மீள்கூடல்

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள மகேன் டேவிட், பெத் எல் கூடங்கள் புதுப்பிக்கப்பட்டு 2017 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டன. வெளிநாடுகளிலிருந்தும் சமூகத்தவர் அதற்காக வந்தனர். இத்தகைய வருகைகளின் தடம் ஏறத்தாழ ஒன்றே: தொழுகைக் கூடம், நர்கெல்டாங்கா, குடும்பம் குடியிருந்த பழைய கட்டடம், இறுதியில் நியூ மார்க்கெட்டிலுள்ள நாஹூம் அண்ட் சன்ஸ் ரொட்டிக்கடை. 1902இல் தொடங்கிய இக்கடை, 1916 முதல் அதே சந்தையில் இருக்கிறது. பாலாடைக்கட்டி அடைத்த ‘சம்புசக்’ பலகாரம் இங்கே இன்றும் கிடைக்கும். முன்பு தொழுகைக் கூடங்களைப் பார்க்க விரும்புவோர் இக்கடையில் வந்துதான் அனுமதி பெற்றனர்.

கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் ஜாயல் சில்லிமன், குடும்பப் படங்களையும் நினைவுகளையும் திரட்டி ஓர் இணைய ஆவணக் காப்பகத்தை உருவாக்கியுள்ளார்.

இன்றைய நிலை

1881இல் நிறுவப்பட்ட யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர். அவர்களின் சீருடைச் சின்னத்தில் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம் உண்டு. தொழுகைக் கூடங்களைக் காத்து வருவோரும் ஒடிசாவிலிருந்து வந்து தலைமுறைகளாகப் பணிபுரியும் முஸ்லிம் குடும்பத்தாரே. பத்துப் பேர் சேராத நாள்களிலும் தரையைத் துடைத்து, விளக்குகளைப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வரும் பேரப்பிள்ளைக்குத் தலையில் அணியக் குல்லாயை எடுத்துக் கொடுப்பதும் இவர்களே.