மூட்டை கட்டிய நாள்!

கப்பலேறி வந்த பாதிரிமார் தமிழகத்தில் கால் வைத்த கதையைப் பலரும் பேசியாயிற்று. அவர்கள் மூட்டை கட்டிய நாளைப் பற்றி நாம் பேசுவோம். வந்தது மதத்தை விதைக்க. திரும்பும்போது மூட்டையில் இருந்தது என்ன?

ஜெர்மானியரான சீகன்பால்கு, டேனிஷ் மன்னனால் அனுப்பப்பட்டு, 1706இல் தரங்கம்பாடி சேர்ந்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரல் பதித்து அகரம் பயின்றார். 1714இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞனையும் உடன் அழைத்துச் சென்றார். வேலைக்காரனாகவா? இல்லை, வழியெல்லாம் தமிழ் பேச ஒரு வாய் வேண்டுமே, அதற்காக! அலைகடல் மீது அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம், 1716இல் ஆலே நகரில் அச்சேறியது.

அவருடைய இன்னொரு நூலின் கதை வேறு. தமிழர் வணங்கும் கடவுளரைப் பற்றி ஆராய்ந்து 1713இல் அவர் எழுதியனுப்பிய ஏடு அது. ஆலேயின் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி, அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர் வாதம். ஏடு உறங்கிற்று, 1867இல், அதுவும் சென்னையில்தான், அச்சைக் கண்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட உறக்கம்! ஏட்டைக் கண்டு நடுங்குவது எல்லா மதத்துக்கும் பொதுக்குணம் போலும்.

அமெரிக்கரான வின்சுலோ யாழ்ப்பாணத்து உடுவிலில் தொண்டாற்றி, பின்னர் சென்னைக்கு வந்தவர். நைட் பாதிரியார் தொடங்கி வைத்த சொற்குவியலை ஏற்று, இராமாநுச கவிராயர் போன்ற புலவர் துணையோடு வளர்த்து, 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார். வேலை முடிந்தது. 1864இல் தாயகம் நோக்கிக் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையிலேயே உயிர் நீத்தார். அவர் வீடு சேரவில்லை, அகராதியோ சேர வேண்டிய இடமெல்லாம் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு அதுவே அடித்தளம்.

புகழ்மாலை சூட்ட நாம் எழுதவில்லை. தஞ்சைத் திருச்சபைக்குள்ளேயே சாதிக்கொரு இருக்கை இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஒரு கடவுளை இறக்கி இன்னொரு கடவுளை ஏற்றும் வாணிகத்தில் நமக்கு ஆதாயமும் இல்லை. ஆனால் ஒன்று கேட்போம்: சூத்திரன் காதில் எழுத்து விழலாகாது என்றவர்கள் நம்மவர்கள்தாமே? எழுத்தை அச்சாக்கி, காசு கொடுத்தவன் கையிலெல்லாம் கொடுத்தவன் அயலானல்லவா?

குறையும் உண்டு. அகராதியில் ஏட்டுச் சொல் ஏறிய அளவு மலையுழவன் வாய்ச்சொல் ஏறியதா? வல்வில் ஓரியின் கொல்லிமலையை எடுத்துக் கொள்ளுங்கள். திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என நாடு நாடாகப் பிரிந்த அம்மலையின் மக்களை மலையாளிகள் என்பர். அவர்கள் பேசுவது மலையாளமன்று, தமிழே! ஆகவே அங்கே வந்த பாதிரிக்குப் புது எழுத்து வகுக்கும் வேலை இல்லை. அவரே தமிழுக்கு மாணவராக வேண்டியிருந்தது.

அப்படி மாணவரானோர், இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்டும் அவர் துணைவி எவலினும். 1913இல் மணம் முடித்து மலையேறினர். மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், மதமும் பரப்பினர். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1914இல் பிறந்த அவர்கள் மகன். ஜெசியை 1929இல் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

எவலினுக்கு முதுமை வந்தது. ஓய்வு பெறுங்கள் என்றது சங்கம். ஓராண்டு மட்டும் மலையில் இருக்க இடங்கேட்டார் அம்மூதாட்டி. ஆண்டு முடிந்தது. சங்கத்தை விட்டு விலகினார். மலையை விட்டு இறங்கவில்லை. 1974இல், தொண்ணூற்றைந்து வயதில், இறந்தார். கணவர் கல்லறையின் பக்கத்திலேயே, கொல்லிமலை மண்ணில் அவரைப் புதைத்தார்கள். அவர் மட்டும் மூட்டையே கட்டவில்லை.