டேஷ்போர்டில் ஒரு வீட்டுச் சுவிச்

கடுகண்ணாவை ஏற்றத்தில் இரவு எட்டரை மணிக்கு எங்கள் காரின் ஹெட் லைட் இரண்டும் ஒரே நேரத்தில் செத்துப்போனது. மாவனல்லையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் பஸ், முன்னால் வளைவு. ஓட்டிக்கொண்டிருந்த மாமா பதறாமல் ஓரங்கட்டினார். உள்ளே பிளாஸ்டிக் கருகின வாசம். டோர்ச் அடித்துப் பார்த்தால், டேஷ்போர்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்த சுவிச் உருகித் தொங்கியது. கார் சுவிச் இல்லை, சுவரில் பல்புக்குப் போடுகிற வீட்டுச் சுவிச்.

இது எங்களில் ஒருவருடைய தாத்தாவின் கார். 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். பல வருஷம் கட்டுகஸ்தோட்டை வீட்டு ஷெட்டில் கோழிகளோடு நின்றதை நாங்கள் கூடி ஓட வைத்தோம். அந்தச் சுவிச்சை யார் போட்டது என்று தேடியபோது தாத்தாவின் கணக்குக் கொப்பி கிடைத்தது. 1974 பக்கத்தில் ஒரு வரி: "லைட் சுவிச் போச்சு. சாமான் இல்ல. வீட்டு சுவிச் போட்டாச்சு."

இந்தக் கட்டுரை அந்த 'சாமான் இல்ல' என்ற இரண்டு சொல்லைப் பற்றியது.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவர்தான் வடிவமைத்தார். பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான். சிலோனில் டாக்டர்மார், ஆசிரியர்மார், தோட்டத்துக் கிளாக்கர்மார் என்று நடுத்தரக் குடும்பங்களின் வாகனமாக இருந்து, பிறகு வாடகைக் காராகவும் ஓடியது. மின்சாரச் சாமான் பெரும்பாலும் பர்மிங்ஹாமின் லூக்கஸ் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியைப் பற்றி ஆங்கிலேயர்களே 'இருட்டின் இளவரசன்' என்று பகிடி பண்ணுவார்கள்.

1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடாகி கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் லூக்கஸ் சுவிச்சை யார் கொண்டுவருவார்கள்? கார் இருந்தவர் பாடே அப்படி என்றால், அந்தக் காரைத் திருத்திக் கொடுக்க வேண்டியவர் பாடு? கண்டி கராஜ்களில் நடந்த 'கைவேலை' அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பின்னால் பழைய வேரும் உண்டு. 1854இலேயே ஜோன் வாக்கர் கண்டியில் கோப்பித் தோட்ட இயந்திரங்களுக்காகப் பட்டறை போட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பல் வரும்வரை தேயிலைத் தொழிற்சாலை நிற்காது, உள்ளூர்க் கைதான் ஓட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் மலையிறங்கி காருக்கும் வந்தது.

உருகிய சுவிச்சை எடுத்துக்கொண்டு, நாற்பது வருஷமாக இந்த வேலை செய்கிற ஒரு பாஸிடம் போனோம். பார்த்துச் சிரித்தார். "இது எத்தனையோ காருல நான் போட்டதுதான் தம்பி. வேற என்ன செய்ய?" என்றார்.

அவர் சொன்ன வைத்தியங்களைக் குறித்துக்கொண்டோம். இழுக்கிற லைட் சுவிச்சின் உள்ளே பித்தளைத் தகடு சூட்டில் தளர்ந்து கருகிவிடும். பழைய டோர்ச்சின் பித்தளையை வெட்டி அதே வடிவத்தில் வளைத்துப் போடுவார். ஸ்பிரிங் போனால் பேனா ஸ்பிரிங். டிம் அடிக்கிற சுவிச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும், இடது காலால் மிதிக்க வேண்டும். கண்டி மழைக்குத் தரைவழியாகத் தண்ணீர் ஏறி அது துருப்பிடிக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசி, முடியாவிட்டால் பழைய லொறியின் சுவிச்சைப் பொருத்துவார். பிரேக் லைட் சுவிச் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அது கெட்டால் பெடலுக்குப் பக்கத்தில் காலிங் பெல் சுவிச் ஒன்றைக் கட்டிவிடுவார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களும் 'நம்மட ஆட்கள் மூளை' என்று பெருமைப்பட்டு எழுதத்தான் நினைத்தோம். ஆனால் கடுகண்ணாவையில் அன்று பஸ் எங்களை இடித்திருந்தால்?

அந்தச் சுவிச் ஏன் உருகியது என்பதைச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் 230 வோல்ட். 80 வாட் பல்புக்கு அரை அம்பியர்கூட ஓடாது. காரில் 12 வோல்ட்தான். ஹெட் லைட் ஒன்று 40 வாட்டுக்குக் கொஞ்சம் கூட, இரண்டும் சேர்த்து ஏழு அம்பியர் வரை இழுக்கும். 5 அம்பியர் என்று எழுதியிருக்கிற சுவிச்சுக்கு அது அதிகம். இன்னொன்று, வீட்டு மின்சாரம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகும், அதனால் அணைக்கும்போது வருகிற பொறி தானாக அடங்கும். பெற்றரி மின்சாரம் அப்படித் தொடாது. ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் பொறி நீண்டு தகட்டைக் கொஞ்சம் தின்னும். போதாக்குறைக்கு மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், ஹெட் லைட் இரண்டிலும் சேராது. சூடேறினால் தடுக்க யாரும் இல்லை.

பாஸுக்கு இது தெரியாததல்ல. "தெரியும் தம்பி. ரிலே வாங்க அப்ப எங்க போறது?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1990களின் தொடக்கத்தில் காற்று மறுபக்கம் அடித்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வெயார், இலங்கையரான தனபால சமரசேகரவோடு சேர்ந்து காலியில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். கைவிடப்பட்ட காருக்கு இங்கே தகடு அடித்து பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். தட்டுப்பாடு பழக்கிய கைகளுக்கு அப்போது ஏற்றுமதி மதிப்பு வந்தது. ஆனால் எங்கள் பாஸ் மாதிரி ஆட்களின் பெயர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார் வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய கார் விலை ஏறியது, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தார்கள், கைவேலையும் திரும்பியது. தாத்தாவின் கொப்பி வரியை நாங்கள் புதிதாக வாசித்தது அப்போதுதான். இல்லாமையை வைத்துச் செய்த வேலையை 'திறமை' என்று மட்டும் சொன்னால், அந்த இல்லாமையை உண்டாக்கினவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். 'ஆபத்து' என்று மட்டும் சொன்னால், செய்தவரைக் குற்றவாளி ஆக்குகிறோம். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம்? பாஸ் பழைய லூக்கஸ் சுவிச் ஒன்றைத் தேடி எடுத்து, தகடு வெட்டிப் போட்டார். ஆனால் ஏழு அம்பியரை அதன்வழியே விடவில்லை. 12 வோல்ட் ரிலே இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பியூஸ். சுவிச் இப்போது ரிலேயை எழுப்புகிற சின்ன மின்சாரத்தை மட்டும் சுமக்கிறது. இந்தக் காரில் பெற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியோடு சேர்ந்திருக்கும் என்பதை மறந்து ஜப்பான் கார் ரேடியோவைக் கொடுத்தால் புகைதான் வரும் என்று எச்சரித்தும் விட்டார்.

வயர் நிறங்களையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினோம். கபிலம் பெற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திறந்தால் வருவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் தாண்டி வருவது, ஊதா எப்போதும் உயிரோடு இருக்கிற பியூஸ் வயர், நீலம் ஹெட் லைட், சிவப்பு சைட் லைட், கறுப்பு எர்த். தமிழில் இப்படி ஒரு தாள் இதுவரை அவரிடமும் இருந்ததில்லை. கராஜ் சுவரில் ஒட்டிவிட்டார்.

உருகிய வீட்டுச் சுவிச்சை வீசவில்லை. தாத்தாவின் கொப்பியோடு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிக் கொப்பி இருக்கலாம், ஷெட்டில் ஒரு கார் இருக்கலாம், பக்கத்துத் தெருவில் ஒரு பாஸ் இருக்கலாம். காரைத் திருத்துவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.